சீனி வருத்தம் யாருக்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீனி வருத்தம் வயற்சொந்தக்காரரான போடியார்மாருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் வருகிற வருத்தம் என்றுதான் முன்பு ஊரில் சொல்வார்கள். இப்போது வயற்கூலிக்குப் போகிறவர்களுக்கும் இருக்கிறது. வசதிக்கும் இந்த வருத்தத்துக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?
– வாசகர், வெல்லாவெளி

உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு காலத்தோடு மாறிக்கொண்டே போகிறது.

இலங்கையில் 2005-2006இல் நடந்த பெரிய ஆய்வில் வளர்ந்தவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு, அதாவது சீனி வருத்தம், இருந்தது. நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. வருமானம் கூடிய வீடுகளில்தான் நோயும் கூடுதலாகக் காணப்பட்டது. ஊர் சொன்னது அன்றைக்குப் பிழையில்லை. ஆனால் அந்த ஆய்வு 9 மாகாணங்களில் 7இல் மட்டுமே நடந்தது. போரினால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கணக்கில் இல்லை என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் இன்றும் அந்த எண்களை எடுத்துப் பேசுகிறார்கள்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் நிலைமை எப்போதோ தலைகீழாகிவிட்டது. அங்கே வறிய பகுதிகளில்தான் நோய் அதிகம். இந்தியாவில் 15 மாநிலங்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வு, தமிழ்நாடு போன்ற முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களுக்கே நீரிழிவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. முதலில் வசதியுள்ளவனைப் பிடிக்கிற வருத்தம், அவன் சாப்பாட்டைக் குறைத்து நடக்கத் தொடங்கியதும் மெல்ல இல்லாதவன் வீட்டுக்கு இறங்குகிறது.

நமது வயல்களில் அதற்கான காரணம் கண்முன்னே தெரிகிறது. உழவுக்கு உழவு இயந்திரம், வெட்டுக்கு வெட்டு மெஷின். வேர்வை சிந்திய உடம்புக்கு வேலை குறைந்துவிட்டது, சோற்றுக் கோப்பை மட்டும் அதே அளவில் இருக்கிறது. மீனும் மரக்கறியும் விலை ஏறும்போது ஏழை வீட்டில் முதலில் குறைவது அவைதான். வயிற்றை நிரப்ப சோறும் பாணும் கூடுகின்றன. தாயின் வயிற்றில் இருக்கும்போதே பட்டினி கண்ட பிள்ளைக்குப் பின்னாளில் குருதிச் சீனியைச் சமாளிக்கும் திறன் குறைகிறது. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்து இதை உறுதிப்படுத்தினார்கள். பஞ்சத்தையும் இடப்பெயர்வையும் கண்ட நமது மாவட்டங்களில் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எங்களுக்கு அதுதான் பெரிய கவலை. நோய் யாருக்கு வருகிறது என்பதில் உள்ள வித்தியாசத்தைவிட, வந்த நோய் யாருடைய காலையும் கண்ணையும் கொண்டுபோகிறது என்பதில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. மேலே சொன்ன ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தமக்கு அது இருப்பதையே அறியவில்லை. வசதியுள்ளவர் வருடாந்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கிறார். கூலிக்குப் போகிறவர் காலில் ஆறாத புண்ணோடு வந்து கண்டுபிடிக்கிறார். அதற்குள் பல வருடங்கள் போயிருக்கும்.

கிளினிக் இலவசம்தானே, பிறகும் ஏன் ஆட்கள் ஒழுங்காகப் போவதில்லை என்று குறை சொல்கிறார்கள். எனக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது. என்ன செய்வது?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

உங்கள் கேள்வி நியாயமானது. மருந்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, ஆனால் நாளுக்கு விலை இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் துறையில் காத்திருக்கிற பாடு குறைந்தது. வரிசையில் நிற்கிற பாடு குறையவில்லை.

முதலில், பெரிய வைத்தியசாலையில்தான் காட்டவேண்டும் என்று நிற்காதீர்கள். சீனி கட்டுப்பாட்டில் உள்ளவர், கிளினிக் கொப்பியுடன் வீட்டுக்குக் கிட்டிய பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றித் தரமுடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். இன்னும் நோய் தெரியாதவர்கள், 35 வயது தாண்டியிருந்தால், அரச ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகச் சோதிக்கலாம். இவை 2011 முதல் இயங்குகின்றன. எந்த நாளில் நடக்கிறது என்பதை உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

சோதனை பிழைத்தால் இன்னொரு நாள் கூலி போகும். ஆகவே வெறும் வயிற்றுச் சோதனைக்கு முதல் 8 மணித்தியாலம் எதுவும் உண்ணக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். “சீனி போடாத தேத்தண்ணிதானே” என்று குடித்துவிட்டு வருகிறவர்கள் பலர், அதுவும் கூடாது. அன்று காலைக் குளிசையையும் இன்சுலினையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்; இரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு எடுங்கள். பட்டினியில் குளிசை போட்டு வரிசையில் நின்று மயங்கி விழுவது அடிக்கடி நடக்கிறது. நடுக்கம், வேர்வை, கண் இருளல் வந்தால் 3 அல்லது 4 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. பிறகு சாப்பாடு.

வெறும் வயிற்றில் குருதிச் சீனி 126 (mg/dl) அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு நாளும் சோதித்துத்தான் உறுதிப்படுத்துவார்கள். 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. கிளினிக் நாளுக்கு முந்திய மூன்று நாள் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு வந்தால் இந்த எண் அழகாகத் தெரியும், ஆனால் கண்ணும் நரம்பும் சிறுநீரகமும் மற்ற நாட்களின் கணக்கைத்தான் பார்க்கின்றன.

மருந்து முடியும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போடுவதும் வேண்டாம். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் பலர் பழகிய பழக்கம் இது. வெளியே வாங்கத் துண்டு தந்தால், கம்பனிப் பேரில் அல்லாமல் மருந்தின் பேரில் விலை குறைந்ததைக் கேளுங்கள்.

டயட் என்று சொல்கிற ஓட்ஸ், அப்பிள் எல்லாம் எங்களால் வாங்க முடியாது. இருக்கிற சாப்பாட்டில் என்ன செய்யலாம்?
– வாசகி, அக்கரைப்பற்று

ஓட்ஸ், அப்பிள் தேவையே இல்லை, தங்கச்சி. காசு மிச்சமாகிற இடத்திலிருந்து தொடங்குவோம். வயலிலும் தோணியிலும் ஒரு நாளைக்கு 5 பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் 2 கரண்டி சீனி என்று வையுங்கள். 10 தேக்கரண்டி, 40 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் விரும்புகிற அளவு சுமார் 25 கிராம். ஒரே நாளில் நிறுத்தினால் தாக்குப் பிடிக்காது. வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

அடுத்து சோறு. தேநீர்க் கோப்பையால் அளந்து போடுங்கள். ஒரு கோப்பைச் சோற்றில் 40 முதல் 45 கிராம் மாச்சத்து. சாப்பிடுகிற சோற்றுக் கோப்பையின் பாதிக்கு கீரையும் மரக்கறியும், கால் பங்குக்கு மீன் அல்லது கௌபி, மிச்சக் கால் பங்குக்குச் சோறு. முருங்கையிலை, பொன்னாங்காணி வேலியோரத்தில் இருக்கிறது. சூடையும் கீரியும் விலை கூடிய மீனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல.

குரக்கனில் ஏமாறாதீர்கள். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று நீத்துப்பெட்டி நிறைய குரக்கன் பிட்டு அவித்துச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். அதில் நார் கூட, ஆனால் மாச்சத்து அரிசிமாவுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

அம்மாவுக்கு இன்சுலின் தந்திருக்கிறார்கள். வீட்டில் பிரிட்ஜ் இல்லை.
– வாசகர், வாகரை

திறந்து பாவிக்கிற குப்பி 30 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் 4 வாரம் தாங்கும். நமது கோடையில் ஓட்டுக் கூரையின் கீழ் அந்த வெப்பம் எளிதில் தாண்டும். அதனால் பானை முறை செய்யுங்கள். மெருகிடாத பெரிய மண்பானையின் அடியில் இரண்டு விரல் உயரம் மணல் போட்டு, அதற்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியையும் மணலால் நிரப்புங்கள். காலையும் மாலையும் மணலை நனையுங்கள். குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி உள்ளே வைத்து, ஈரத்துணியால் வாயை மூடி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போவதால்தான் பானை குளிர்கிறது. எனவே கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் பயன் குறையும். காற்று வராத மூலையில் வைத்தால் வீண்.

திறக்காத குப்பிகளை அயலவர் பிரிட்ஜில் கதவுத்தட்டில் வைக்கலாம். ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைந்துவிட்டால் அந்தக் குப்பி உதவாது. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே 10 தடவை உருட்டுங்கள். பிறகும் கட்டி மிதந்தால் போடவேண்டாம். தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும் அப்படியே.

சேற்றில் இறங்குகிறவர் செருப்புப் போட முடியாது. காலை எப்படிக் காப்பது?
– வாசகி, மண்டூர்

வேலை முடிந்ததும் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். உணர்வு குறைந்த காலில் முள் ஏறினாலும் மட்டி கிழித்தாலும் வலிக்காது. வலி இல்லை என்பதற்காக விடக்கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துவிடும். சிவப்பு, கொப்புளம், நாற்றம், கசிவு இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் அன்றைக்கே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.