கை நரம்பு அறுந்தால் மீண்டும் வளர்கிறதே, தண்டுவடம் ஏன் வளர்வதில்லை?

நரம்பு நாரைவிட, சுற்றியிருக்கும் செல்கள் அனுப்பும் சமிக்ஞைதான் பெரிய காரணம். கையில் நரம்பு அறுந்ததும் கால்சியம் நாருக்குள் பாயும், டி.எல்.கே. என்ற நொதி அந்தச் சேதியை உட்கருவரை கொண்டுபோகும். நாரைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களோ சி-ஜுன் புரதத்தை முடுக்கி, நாருக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போடும் வேலையை விட்டுவிட்டுக் குப்பை அள்ளவும் வழிகாட்டவும் இறங்கிவிடும். நார் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. நீளும். தோளில் அடிபட்டால் விரல் அசைய மாதக்கணக்கில் ஆவது இதனால்தான்.

தண்டுவடத்தின் மயலினிலோ 'வளராதே' என்று தடுக்கும் நோகோ-ஏ புரதம் இருக்கிறது. தழும்பும் சேர்ந்துகொள்ளும்.

எனக்குப் பிடித்த சோதனை 1981-இல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்தது. ஆய்வாளர்கள் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் தண்டுவடத்தையும் மூளைத்தண்டையும் கால் நரம்புத் துண்டால் பாலம்போல் இணைத்தார்கள். நார்கள் அதற்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன! பாலம் முடிந்து தண்டுவடத்துக்குள் நுழைந்தவை சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன.