அயர்லாந்துக் கிராமங்களில் சாலைகளுக்குப் பெயரே கிடையாதா?

பெயர்ப்பலகை இல்லை என்பதற்காகப் பெயரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டப்ளினிலிருந்து காரில் வந்திருப்பீர்கள், மேப்பில் எல் என்ற எழுத்தும் சில எண்களும்தான் காட்டியிருக்கும், வழி தவறியிருப்பீர்கள். நான் மேற்குக் கார்க்கில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனித்துக்கொள்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆட்ரிகோல் என்ற ஊரிலிருந்து மலையேறி, பக்கத்துக் கெர்ரி கவுன்டியில் இறங்கும் ஹீலி கணவாய்ச் சாலையைப் பாருங்கள். 1847-ல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக அதைத் தொடங்கினார்கள். பட்டினி கிடந்தவர்கள் கூலிக்குக் கல் உடைத்த சாலை. பாதியில் நின்றுபோய் 1931-ல்தான் முடிந்தது, அப்போதுதான் சுதந்திர அயர்லாந்து அரசின் முதல் கவர்னர் ஜெனரலாக இருந்த டிம் ஹீலியின் பெயரை வைத்தார்கள். இப்படிப் பஞ்ச காலத்தில் போட்ட சாலைகள் மேற்கு அயர்லாந்து முழுக்க உண்டு. சில எந்த ஊருக்கும் போகாமல் மலையிலேயே முடிந்துவிடும்.

நான் போகும் ஒரு வீட்டுக்கு போரீன் என்று இங்கே சொல்லும் குறுகிய கிராமத்துப் பாதை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு கார்தான் போகும், நடுவில் புல் முளைத்திருக்கும். முதல் நாளே அந்த வீட்டுப் பாட்டி, "வளைவு தாண்டி ஒரு மேடு வரும், அந்தப் புல்லை மிதிக்காதே, ஆளைச் சாய்க்கிற பசி வந்துவிடும்" என்றார். பஞ்சத்தில் செத்து விழுந்தவர்கள் கிடந்த இடத்தில் முளைக்கும் பசிப்புல்லாம் அது. கிளம்பும்போது வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றி என் கோட்டுப் பைக்குள் திணித்தார். ஒரு வாய் தின்றால் பசி போய்விடுமாம்.

மூடநம்பிக்கையைப் பரப்புகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். புல்லுக்குச் சக்தி உண்டு என்று நான் சொல்லவில்லை. சுமார் பத்து லட்சம் பேர் செத்த பஞ்சத்தை ஜனங்கள் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்புறம், 1999-ல் கிளேர் கவுன்டி லாட்டூனில் தேவதைகள் கூடும் மரம் என்று சொல்லப்பட்ட ஒரு முள்மரத்துக்காகக் கதைசொல்லி எடி லெனிஹான் குரல் கொடுத்தார். மரத்தை விட்டுவைத்துத்தான் நெடுஞ்சாலை போட்டார்கள்.

2015-லிருந்து வீட்டுக்கு வீடு அஞ்சல் குறியீடு வந்துவிட்டது. எங்கள் ஏஜென்சி அதை மட்டும் அனுப்பிவிட்டு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓட்டும் நேரத்துக்குச் சம்பளமே தருவதில்லை. அதுவும் வேலைதானே? கேட்டால் அடுத்த வாரம் ஷிஃப்ட் குறைகிறது.

சரி, உங்கள் விஷயம். அடுத்த முறை சாலை எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு சின்ன நிலப்பகுதிக்கும் பழைய பெயர் உண்டு, நாடு முழுக்க 60,000-க்கு மேல். அதைச் சொல்லி, யார் வீடு என்றும் சொல்லி, போஸ்ட் ஆபீஸிலோ பப்பிலோ கேளுங்கள். எந்த ஊர்ப்பக்கம் என்று எழுதினால், எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.