நம் பேட்டையின் சிறு கடைகளையும் கலை நிகழ்ச்சிகளையும் ஆதரிக்க என்னதான் செய்வது?

கேள்வி: பெரிய கடைகளும் பத்து நிமிட ஆப்களும் வந்துவிட்ட பிறகு, சொந்தமாகக் கடை நடத்துகிறவர்களையும் அக்கம்பக்கத்தில் நடக்கும் கலை நிகழ்ச்சிகளையும் காப்பாற்ற சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்? சமூக ஊடகத்தில் படம் போட்டு நாலு பேருக்குச் சொன்னால் போதுமா?

போதாது. படம் போடுவதில் குற்றமில்லை. ஆனால் அதைப் பார்த்து வருகிறவர் ஒரு முறை வருவார், ஒரு தட்டு வாங்குவார், தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கடை வாடகையோ மாதா மாதம் வந்து நிற்கிறது.

நான் மயிலாப்பூர்க்காரி. அதனால் மயிலாப்பூரை வைத்தே சொல்கிறேன். எங்கள் பேட்டைக்குப் பெருமையில் குறைவே இல்லை. கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை, கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க், அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் என்று வெளியூர்க்காரர்கள் பட்டியலோடு வந்து இறங்குகிறார்கள். ராயர் மெஸ்ஸில் உள்ளே இருக்கிற பந்தி எழுந்திருக்கும்வரை தெருவில் காத்து நிற்பதையே ஒரு அனுபவமாக எழுதுகிறார்கள். நல்லது. இந்தக் கடைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பட்டியலில் ஏறாத கடைகளைப் பற்றித்தான் கவலை: லேஸும் பொத்தானும் விற்கும் தையல் சாமான் கடை, மிக்ஸி ரிப்பேர் கடை, குடைக் கம்பி மாற்றித் தருகிறவர், ஜாக்கெட் தைக்கும் டெய்லர். இவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. இவர்கள் பிழைப்பு நடப்பது விசேஷ நாள் கூட்டத்தால் அல்ல. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு யாராவது வந்து இருபது ரூபாய்க்கு ஊக்கு வாங்குவதால்தான்.

ஆகவே என் பதில் சலிப்பூட்டும் பதில். மாதாந்திரச் செலவில் இரண்டு மூன்று இனங்களை எடுத்து, அவற்றை எப்போதும் ஒரே சிறு கடையில் வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது காபித் தூளும் நாட்டு மருந்துச் சாமானும். காபிக் கடையில் பீபெரி, பிளான்டேஷன் என்ற இரண்டு வகைக் கொட்டையையும் கலந்து, சிக்கரி நூற்றுக்கு இருபது போட்டு, கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்கள். பொட்டலம் கைக்கு வரும்போது இன்னும் சூடு இருக்கும். நான் கால் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. தூள் பழசாகிவிடும் என்பது ஒரு காரணம், வாரத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கம் போக ஒரு சாக்கு என்பது இன்னொன்று. மாதம் ஒரு முறை மொத்தமாக ஒரு கிலோ வாங்குகிறவரைவிட வாராவாரம் கால் கிலோ வாங்குகிறவரைக் கடைக்காரர் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார். அந்தப் பழக்கத்தில் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் நாலு காசு போகும்.

நாட்டு மருந்துக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே நிற்க இடம் இருக்காது. சுக்கு, மிளகு, கண்டதிப்பிலி, அரிசித் திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று லேகியத்துக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சாமான் எல்லாம் இன்று ஆப்பிலும் கிடைக்கிறது. ஆனால் கடையில் “இருமல் யாருக்கு, குழந்தைக்கா பெரியவருக்கா, சளி இருக்கிறதா வறட்டு இருமலா?” என்று கேட்டுவிட்டுத்தான் அதிமதுரத்தில் கை வைப்பார்கள். இப்படிக் கேட்கத் தெரிந்த ஆளைக் கடையில் வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம். அதை ஆப் விலையோடு ஒப்பிட்டு முகம் சுளிப்பது நியாயமில்லை.

பணம் கொடுக்கும் விதமும் முக்கியம். உணவு டெலிவரி நிறுவனங்கள் சிறு உணவகங்களிடம் பொதுவாக பில்லில் 20 முதல் 30 விழுக்காடு வரை கமிஷன் எடுக்கின்றன. இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெஸ்ஸிலிருந்து இட்லி வரவழைக்க அவ்வளவு தூரம் சுற்ற வேண்டுமா? போன் செய்து சொல்லிவிட்டு, சொந்தத் தூக்குடன் நடந்து போனால் முழுப் பணமும் அவர்களுக்கு. யுபிஐ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கொடுத்தால் கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது; 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் அவர் கையிலிருந்து கொஞ்சம் போகும். கணக்கு நோட்டு வைத்து வாங்குகிற பழக்கம் இன்னும் இருந்தால், சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். கடன் கொடுத்துக் கடை மூடியவர்கள் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள்.

இனி பொம்மை. நவராத்திரிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே வடக்கு மாட வீதி ஓரத்தில் கொலு பொம்மைகள் வந்து இறங்கிவிடும். காஞ்சிபுரம், பண்ருட்டி, புதுச்சேரி, மதுரைப் பக்கத்து விளாச்சேரி என்று பல ஊர்ச் சரக்கு. வைக்கோலைப் பிரித்தால் உள்ளே தசாவதாரம், கல்யாண செட், தானிய மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும். அந்தப் பிளாட்பாரத்திலேயே ஒரு பெரிய குடும்பம் அந்த வாரங்கள் முழுக்கச் சமைத்து, சாப்பிட்டு, தூங்கும். மேகம் கறுத்தால் முதலில் பொம்மைகளுக்குத்தான் தார்ப்பாய், மனிதர்கள் அப்புறம். களிமண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை இரண்டுக்கும் தண்ணீர் ஆகாது. வாத்தியக்காரர் செட்டில் தவில்காரரின் மூக்கு லேசாகக் கரைந்துவிட்டால் அந்த செட்டே போயிற்று.

இந்த வியாபாரம் முழுவதும் அந்தச் சில வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டும். மாதக்கணக்கில் வார்த்து, காயவைத்து, வண்ணம் தீட்டியதற்குப் போட்ட முதல் அதற்குள் திரும்ப வேண்டும். ஆனால் நம்மில் பாதிப் பேர் மகாளய அமாவாசைக்கு முந்தின மாலையில்தான் கிளம்புகிறோம். இன்னும் சாமர்த்தியசாலிகள் சரஸ்வதி பூஜை முடியட்டும், விலை இறங்கும் என்று காத்திருக்கிறார்கள். பேரம் பேசுவது அந்தத் தெருவின் வழக்கம்தான். விற்கிற அக்காவே பேரத்துக்கு இடம் வைத்துத்தான் விலை சொல்வார். ஆனால் முதல் வாரத்திலேயே, கூட்டமில்லாத ஒரு வார நாளில் போய் வாங்கினால் விலையும் படியும், நல்ல முகக்களை உள்ள பொம்மையைப் பொறுக்கியெடுக்க நேரமும் இருக்கும். அவருக்கும் சோற்றுச் செலவுக்குக் கையில் காசு வரும். “கிருஷ்ணர் கண் சரியாக விழவில்லை, வேறு ஒன்று காட்டுங்கள் அக்கா” என்று சொல்லத் தயங்க வேண்டாம். அவர் சந்தோஷமாக இன்னொரு கூடையைப் பிரிப்பார்.

நடைபாதை வியாபாரிகளுக்கு என்று 2014இல் ஒரு மத்தியச் சட்டமே வந்தது. நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்கு இடம் வியாபாரிகளுக்கே என்று அதில் இருக்கிறது. நம் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் “பிளாட்பாரத்தைக் காலி செய்யுங்கள்” என்று மனு எழுதும்போது இதையும் யாராவது நினைவூட்ட வேண்டும். நடக்க வழி வேண்டும் என்பது நியாயம். ஆனால் காலையில் அதே பிளாட்பாரத்தில் கீரை வாங்கிவிட்டு மாலையில் மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

மெட்ரோ வேலையையும் சொல்லியாக வேண்டும். திருமயிலையில் இரண்டு சுரங்கப் பாதைகள் சந்திக்கின்றன. அதற்காக லஸ் பக்கமும் ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கமும் தகரத் தடுப்பு வைத்து, வண்டிகளைச் சுற்றிவிட்டார்கள். தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோன கடைக்கு வழியில் போகிறவர் யாரும் வரமாட்டார். தெரிந்தவர்தான் வர வேண்டும். “மயிலாப்பூரா, பார்க்கிங்கே கிடையாதே” என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 1997இலிருந்து பறக்கும் ரயில் அங்கே நிற்கிறது. இறங்கினால் தெப்பக்குளம் நடக்கிற தூரம்.

சிறு கடை என்பதற்காக எதையும் பொறுத்துப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடையில் வண்டு விழுந்த துவரம்பருப்பைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கொண்டுபோனபோது வெயில் காலம் அப்படித்தான் என்றார்கள். அங்கே நான் போவதில்லை. ஆனால் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன். பேசாமல் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு ஓடுவது எனக்குப் பிடிக்காது.

கலை நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். மார்கழியில் மதியம் ஒரு சபாவுக்குள் போய்ப் பாருங்கள். அந்த நேரக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, பாடுகிறவர்கள் இளையவர்கள். அரங்கில் அவர்களுடைய பெற்றோர், குரு, குருவின் இன்னும் இரண்டு மாணவர்கள், ஏசிக்காக வந்து கண்ணயர்ந்த ஒரு பெரியவர். பக்கத்துக் கேன்டீனில் மட்டும் கீரை வடைக்கு வரிசை. மாலைக் கச்சேரியில் நிலைமை வேறு. ஆனால் அங்கும் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதி அரங்கம் எழுந்து காபிக்குப் போய்விடும். அந்த இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே மிருதங்கக்காரருக்குப் பெரிய ஆதரவு. பணமே செலவில்லை!

டிக்கெட் இல்லாத நிகழ்ச்சிக்கும் யாரோ பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொங்கலுக்கு முன் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் மயிலாப்பூர் விழாவுக்குச் சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவு தருகிறது. முன்னின்று நடத்துபவர் வின்சென்ட் டிசோசா. மயிலாப்பூர் டைம்ஸ் என்ற இலவச வார இதழின் ஆசிரியரும் அவர்தான். வடக்கு மாட வீதியில் ஆளுக்கு ஒரு சதுரம் என்று ஒதுக்கி, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கோலம் போடுவார்கள். பாட்டிகள் புள்ளி வைக்கும் வேகத்தைப் பார்க்கவே போகலாம். அந்த வார இதழ் ஆங்கிலத்தில் வருவதில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. ஆனாலும் டியூஷன், சமையல் ஆள், பலகாரக் கடை என்று உள்ளூர் விளம்பரங்களை வைத்தே ஒரு பேட்டைப் பத்திரிகை 1990களிலிருந்து ஓடிக்கொண்டிருப்பது சாதாரண விஷயமில்லை. உங்களுக்கு வீடு வாடகைக்கு விட வேண்டுமானால் அங்கே விளம்பரம் கொடுங்கள். அதுவும் ஆதரவுதான்.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிறு காலைகளில் சிறுவர்கள் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி ஒன்று நடக்கும். நடைப்பயிற்சியில் இருப்பவர்கள் ஒரு சுற்றைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கூட்டம் பார்த்துப் பாடுவது என்றால் என்ன என்பதைக் குழந்தைகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். கைபேசியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

மார்கழிக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். சபாக்கள் மற்ற மாதங்களிலும் விளக்கு எரிய வேண்டுமே! ஏதாவது ஒரு சபாவில் ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் போவதா வேண்டாமா என்று யோசிக்கிற வேலையும் மிச்சம். பாட்டு பிடிக்காதவர்கள் நாடகத்தில் ஆரம்பிக்கலாம். வெயில் காலத்தில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் ஆண்டுதோறும் கோடை நாடக விழா நடத்துகிறது. புதிய நாடகங்கள் அங்கேதான் முதலில் மேடையேறுகின்றன. சில நாடகங்கள் பிரமாதமாக இருக்கும், சிலவற்றில் நகைச்சுவை என்ற பெயரில் வாட்ஸ்அப் துணுக்குகளையே திரும்பச் சொல்வார்கள். எதுவானாலும் ஒப்பனை கலைவதற்குள் பின்பக்கம் போய் நடிகர்களிடம் உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அலுவலகம் விட்டு, லோக்கல் பிடித்து, ஒத்திகைக்கு ஓடிவந்து நடிக்கிறவர்கள் அவர்கள். பாராட்டோ திட்டோ, நின்று கேட்பார்கள்.