தக்காளியை மட்டும் நம்பி உழவர் சந்தைக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர், கிணற்றுப் பாசனம். தக்காளி மட்டும்தான் போடுகிறோம். விலை விழுந்தால் பறிகூலிகூடத் தேறுவதில்லை. உழவர் சந்தை அட்டை இருக்கிறது. நானும் வீட்டுக்காரியும்தான் வேலை. வேறு என்ன சேர்த்து விற்கலாம்?

பதில்: தக்காளியை விட்டுவிடச் சொல்ல மாட்டேன் தம்பி. 2 ஏக்கரையும் அதற்கே கொடுத்ததுதான் தப்பு. ஊரே ஒரே வாரத்தில் நட்டு ஒரே வாரத்தில் பறித்தால் விலை எப்படி நிற்கும்? அரை ஏக்கராகக் குறையுங்கள், அதையும் மூன்று வாரம் தள்ளித் தள்ளி இரண்டு தடவையாக நடுங்கள்.

அடுத்து கீரை. சந்தையில் உங்களைத் தேடி ஆள் வர வேண்டுமென்றால் தினமும் ஏதாவது கையில் இருக்க வேண்டும், அதற்குக் கீரையை விட்டால் வேறு வழியில்லை. 5 சென்ட் போதும். நான்கு சென்ட்டில் வாரம் ஒரு சென்ட்டாகச் சிறுகீரை விதைத்து வாருங்கள், 25 நாளில் முதல் சென்ட் பறிப்புக்கு வந்துவிடும், பிடுங்கிய இடத்தில் கொஞ்சம் தொழுவுரம் போட்டு மறுபடி விதைக்கலாம். சென்ட்டுக்கு 10 கிராம் விதை போதும், பொடி விதை என்பதால் மணல் கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். மீதி ஒரு சென்ட்டில் அரைக்கீரை. அதைப் பிடுங்க வேண்டாம், அறுக்க அறுக்கத் துளிர்க்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தக்காளிக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து கீரைமேல் படக்கூடாது. குழந்தைகள் சாப்பிடுவது, அதுவும் பறித்த மறுநாளே குழம்பில் இருக்கும். இரண்டையும் எட்டவே வையுங்கள், நடுவில் நாலு வரிசை மக்காச்சோளம் போடுங்கள், காற்று கீரைப் பக்கம் வீசும்போது தெளிக்கவே தெளிக்காதீர்கள்.

வெண்டையும் கொத்தவரையும் பத்துப் பத்து சென்ட். சுமார் 45 நாளில் காய்க்கும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், முற்றிய காயை நுனி ஒடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆசைப்பட்டு இதற்குமேல் போடாதீர்கள், இரண்டே பேர், விடியுமுன் சந்தைக்கும் கிளம்ப வேண்டும், பறிப்பு முழுவதும் முந்தின நாள் சாயங்காலம்தான், கீரைக்கட்டை நனைத்த சாக்கில் மூடி வைக்க வேண்டும். நிலம் இருக்கிறது, ஆனால் கை இருக்கிறதா என்று பாருங்கள். மீதி நிலத்தில் அடிக்கடி பறிப்பு கேட்காத நிலக்கடலையோ சோளமோ போதும்.

வரப்பில் பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை ரகத்தை வையுங்கள், விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும், காய் இல்லாத மாதத்தில் இலையை விற்கலாம். நாலு கறிவேப்பிலைச் செடி. அப்புறம் அகத்தி, அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்கவே கேட்டு வாங்குவார்கள், மிச்சம் உங்கள் ஆட்டுக்கு.

உங்கள் அட்டை நிலத்தில் நின்ற பயிரைப் பார்த்துக் கொடுத்தது. கீரை விதைத்த கையோடு சந்தை அலுவலகத்தில் சொல்லிப் புதுப் பயிர்களையும் பதிந்துவிடுங்கள்.