வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். சீசனுக்கு முன்னால் சொல்லும் கணிப்புகள் கடைசியில் எவ்வளவு பலிக்கின்றன? அதை எப்படிச் சரிபார்ப்பது?

ஒவ்வொரு அக்டோபரிலும் ஐஸ் ஹாக்கி சீசன் தொடங்கும் முன் பத்திரிகையாளர்கள், டிவி நிபுணர்கள், கணினி மாடல்கள் என்று எல்லோரும் 32 அணிகளுக்கும் பட்டியல் போட்டுவிடுகிறார்கள். ஏப்ரலில் லீக் ஆட்டங்கள் முடிந்ததும் அந்தப் பட்டியல்களை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிடக் கணிப்புகள் நிச்சயம் மேல்தான். ஆனால் "பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போகும் 16 அணிகளில் 11-ஐச் சரியாகச் சொன்னேன்" என்று ஒருவர் சொன்னால், அதை வைத்து மட்டும் அவரைத் திறமைசாலி என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். 32 அணிகளில் 16 உள்ளே போகின்றன. சீட்டுக் குலுக்கிப் போட்டாலே சராசரியாக 8 சரியாக வரும். அதைவிட முக்கியம், எந்த யோசனையும் இல்லாமல் போன வருடப் பட்டியலை அப்படியே திருப்பிச் சொன்னால் எத்தனை வரும் என்பது.

2024-25 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வருடம் பிளேஆஃப் ஆடிய 16 அணிகளில் பாஸ்டன், நியூயார்க் ரேஞ்சர்ஸ், நியூயார்க் ஐலாண்டர்ஸ், நாஷ்வில், வான்கூவர் ஆகிய ஐந்தும் வெளியே போயின. ஒட்டாவா, மான்ட்ரியல், நியூ ஜெர்சி, மினசோட்டா, செயின்ட் லூயிஸ் உள்ளே வந்தன. ஆக, பழைய பட்டியலை நகல் எடுத்தவருக்கே 11 மார்க். எந்த நிபுணருக்கும் மதிப்பு 11-க்கு மேல்தான் தொடங்குகிறது.

இன்னும் நல்ல வழி புள்ளிகளை வைத்துப் பார்ப்பது. வெற்றிக்கு 2, 60 நிமிடத்தில் சமநிலையாகி ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1, ஆட்டம் 82. ஒவ்வொரு அணிக்கும் சொன்ன புள்ளிக்கும் கிடைத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து (கூட, குறைய என்று பார்க்காமல்) 32 அணிகளுக்கும் சராசரி போடுங்கள். எக்செல்லில் பத்து நிமிட வேலை.

அதே 2024-25-க்கு இந்தக் கணக்கைப் போட்டேன். 2023-24 புள்ளிகளையே கணிப்பாக வைத்தால் (அரிசோனா அணி 2024-இல் யூட்டாவுக்கு இடம் மாறியதால் அதன் கணக்கை யூட்டாவுக்கு மாற்றிக்கொண்டேன்) சராசரித் தவறு 12 புள்ளிக்குக் கொஞ்சம் மேலே. அடுத்து, அணிகளுக்குள் எந்த வித்தியாசமும் பார்க்காமல் 32 பேருக்கும் ஆளுக்கு 91 புள்ளி என்று எழுதிவைத்தேன். தவறு 12-க்குச் சற்றுக் கீழே வந்தது. ஹாக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு கணிப்பு, போன வருட அட்டவணையை மயிரிழையில் முந்திவிட்டது! கடைசியாக இரண்டையும் பாதிப் பாதி கலந்தேன். அதாவது போன வருடம் 114 எடுத்த ரேஞ்சர்ஸுக்கு 102.5, 52 எடுத்த சிகாகோவுக்கு 71.5 என்று எல்லோரையும் நடுவை நோக்கி இழுத்தேன். தவறு ஏறத்தாழ 10 புள்ளியாக இறங்கியது.

நிபுணர்களை நான் அளப்பது இந்த 10-ஐ வைத்துத்தான். வீரர் மாற்றம், பயிற்சியாளர், காயம், வயது எல்லாவற்றையும் அலசிய ஒருவர் இந்தச் சின்னக் கணக்கைவிடப் பின்தங்கினால், அந்த அலசலால் கணிப்புக்கு லாபம் இல்லை.

சரி, திறமையானவர் எவ்வளவு தூரம் கீழே இறக்க முடியும்? இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு நாணயத்தை 82 முறை சுண்டி, தலை விழுந்தால் வெற்றி என்று வைத்துக்கொண்டால் சராசரி 41. ஆனால் மூன்றில் ஒரு முறை 37-க்குக் கீழேயோ 45-க்கு மேலேயோ போய்விடும். ஒரு வெற்றிக்கு 2 புள்ளி என்பதால், அணியின் பலத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே 8 புள்ளிக்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஹாக்கி முழுக்கப் பூவா தலையா இல்லைதான், ஆனால் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) ஒரு ஸ்கேட்டில் பட்டுத் திசை மாறினால் ஆட்டமே மாறுகிற விளையாட்டு இது. ஒவ்வொரு அணியின் உண்மையான பலமும் ஒருவருக்கு அப்படியே தெரிந்திருந்தால்கூட சராசரியாகச் சுமார் 7 புள்ளி தவறுவார் என்பது என் கணக்கு. அப்படியானால் கணிப்பாளர்கள் மோதிக்கொள்ளும் இடம் 10-க்கும் 7-க்கும் நடுவிலுள்ள மூன்று புள்ளிதான். இது தெரிந்த பிறகு ஒரே ஒரு தவறை வைத்து யாரையும் திட்ட எனக்கு மனசு வருவதில்லை.

சில தவறுகளை மட்டும் நின்று பார்க்க வேண்டும். நாஷ்வில் ப்ரெடட்டர்ஸ் 2023-24-இல் 99 புள்ளி. 2024 ஜூலை 1 அன்று, வீரர் சந்தை திறந்த முதல் நாளிலேயே, ஸ்டீவன் ஸ்டாம்கோஸ், ஜொனாதன் மார்ஷசோ, பிரேடி ஷே மூவரையும் வாங்கிவிட்டார்கள். அந்தக் கோடையின் வெற்றியாளர் நாஷ்வில்தான் என்று பலரும் எழுதினார்கள். சீசனின் முதல் ஐந்து ஆட்டத்திலும் தோல்வி. முடிவில் 68 புள்ளி, லீகிலேயே கீழிருந்து மூன்றாவது இடம். முந்தைய வருடம் ஸ்டாம்கோஸ் 40 கோல், மார்ஷசோ 42 கோல். நாஷ்வில் வந்த பிறகு 27, 21. இது வெறும் கெட்ட நேரம் இல்லை. ஒருவருக்கு வயது 34, இன்னொருவருக்கு 33. அதிலும் மார்ஷசோ அந்த 42-க்கு முன் எந்த சீசனிலும் 40 கோல் தொட்டதே இல்லை. உச்ச வருடத்தின் எண்ணை அப்படியே அடுத்த வருடத்துக்கு எழுதியதுதான் கோளாறு. அணிகளை நடுவை நோக்கி இழுத்ததைப் போல வீரர்களையும் இழுத்திருக்க வேண்டும்.

வாஷிங்டன் கேப்பிடல்ஸ் கதை நேர்மாறு. 2023-24-இல் 91 புள்ளி எடுத்து பிளேஆஃப் போனார்கள், ஆனால் அடித்ததைவிட 37 கோல் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். கோல் வித்தியாசம்தான் புள்ளியைவிட அடுத்த வருடத்தை நன்றாகக் காட்டும். ஆகவே "இவர்கள் சரிவார்கள்" என்று சொன்னவர்களின் காரணம் நியாயமானது. நடந்ததோ, கோல்கீப்பர் லோகன் தாம்ப்சன், ஜேக்கப் சிக்ரன் போன்றவர்கள் புதிதாக வந்து, அணி 111 புள்ளிக்கு ஏறி, லீகின் கிழக்குப் பிரிவிலேயே முதலிடம். நல்ல காரணத்தோடு தவறியவரை, காரணமே இல்லாமல் சரியாகச் சொன்னவரைவிட நான் மதிக்கிறேன். பின்னவருடையது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

சரியா தவறா என்று மட்டும் டிக் போடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2024-25-இல் கால்கரியும் செயின்ட் லூயிஸும் தலா 96 புள்ளி. 60 நிமிடத்துக்குள் பெற்ற வெற்றிகள் செயின்ட் லூயிஸுக்குக் கூடுதலாக இருந்ததால் அவர்கள் உள்ளே, கால்கரி வெளியே. கால்கரி கடைசி வரிசையில் கிடக்கும் என்று எழுதியவருக்கும், மயிரிழையில் தவறவிடும் என்று எழுதியவருக்கும் ஒரே டிக் கிடைத்துவிடும். புள்ளி வித்தியாசத்தில் பார்த்தால் முதலாமவர் எவ்வளவு தள்ளிப்போனார் என்பது தெரிந்துவிடும்.

சதவீதமாகச் சொல்லும் மாடல்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். க்ளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950-இல் மழைக் கணிப்புகளை மதிப்பிடக் கொடுத்த வழி இங்கேயும் உதவுகிறது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சொன்ன வாய்ப்பை அதிலிருந்து கழித்து வர்க்கம் எடுக்க வேண்டும், குறைவாக வந்தால் நல்லது. மான்ட்ரியல் பிளேஆஃப் போக 30 சதவீதம் என்று சொன்னவருக்கு 0.49, 10 சதவீதம் என்று அடித்துச் சொன்னவருக்கு 0.81. எல்லா அணிக்கும் 50 சதவீதம் என்று எழுதினால் 0.25. மொத்தச் சராசரி 0.25-க்கு மேலே போகும் மாடலை ஒதுக்கிவிடலாம்.

பிளேஆஃப் வென்று சாம்பியனாகும் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை யாருக்கு என்ற கணிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 2018-19-இல் டாம்பா பே 62 வெற்றி, 128 புள்ளி எடுத்து, முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. அந்த வருடக் கோப்பை, ஜனவரி தொடக்கத்தில் லீகின் கடைசி இடத்தில் இருந்த செயின்ட் லூயிஸுக்கு. 2022-23-இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று இரண்டிலும் சாதனை படைத்து, 92 புள்ளி எடுத்திருந்த ஃப்ளோரிடாவிடம் முதல் சுற்றில் விழுந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு விடை வரும் கேள்வியில் யாருடைய திறமையையும் அளக்க முடியாது.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், முதல் ஆட்டத்துக்கு முன்பே பட்டியலைச் சேமித்துவிடுங்கள், நடுவில் திருத்தப்பட்ட பட்டியல் உதவாது. அப்புறம் 32 அணிகளின் புள்ளியையும் கூட்டிப் பாருங்கள். லீகில் மொத்தம் 1,312 ஆட்டம், ஆட்டத்துக்கு 2 புள்ளி, கூடவே ஓவர்டைமுக்குப் போன ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கூடுதல் புள்ளி. ஆக மொத்தம் 2,900-ஐ ஒட்டியே வரும். நிறையப் பேர் எழுதும் பட்டியலைக் கூட்டினால் 3,000-ஐத் தாண்டுகிறது. எல்லா அணிக்கும் நல்லது நடக்கும் என்று நினைத்து எழுதியது அங்கேயே தெரிந்துவிடும்.

பந்தய நிறுவனங்கள் செப்டம்பரில் ஒவ்வொரு அணிக்கும் அறிவிக்கும் புள்ளி எல்லையையும் (அதற்கு மேலா, கீழா என்றுதான் பந்தயம்) எக்செல்லில் ஒரு நெடுவரிசையில் போட்டுவையுங்கள். பணம் புரளும் இடம் என்பதால் அதுதான் முந்துவதற்குக் கடினமான எதிராளி. ஒரு வருடம் அதை முந்துவது பெரிய விஷயம் இல்லை. நாலைந்து சீசன் தொடர்ந்து முந்தும் ஒருவர் கண்ணில் பட்டால், தயவுசெய்து அவர் பெயரை இங்கே கருத்தில் எழுதுங்கள். அவர் கணிப்பைப் படிக்க எனக்கு நிஜமாகவே ஆசை.