புறாமலைக்குப் போவோமா? வாசகர் கேள்வி - பதில்

பள்ளிக்கூட விடுமுறை கிட்ட வந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, திருகோணமலைக்குக் கிட்ட நிலாவெளிக் கடலில் பவளம் பார்க்கப் போகும் சிறு தீவான புறாமலையைப் பற்றியதுதான். திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா? கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் சேர்த்துப் பார்க்க ஆசை. (ஆரையம்பதி வாசகி)

முடியும். மூன்றையும் ஒரே நாளுக்குள் அடைக்கப் பார்த்தால்தான் கெட்டுப்போகும். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 130 கிலோமீட்டர், அங்கிருந்து நிலாவெளிக் கரைக்கு இன்னும் பதினைந்து அளவில். தேத்தண்ணிக்கு நிற்பதையும் கணக்கில் எடுத்தால் வேனில் மூன்றரை மணித்தியாலம் போகும். ஆகவே விடிய நான்கு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள். எட்டு மணிக்கு முன் கரையில் நின்றால் கடல் தெளிவாக இருக்கும், வெயில் தலையில் ஏறாது, படகுக்கு வரிசையும் குறைவு. பதினொன்றுக்குப் போய் இறங்குபவர்கள் காசு கொடுத்து வெயில் வாங்குகிறார்கள் என்றுதான் சொல்வேன்.

மதியத்தோடு தீவை முடித்து, குளித்து உடுப்பு மாற்றி, பின்னேரப் பூசைக்குக் கோணேசர் கோயிலுக்கு ஏறலாம். கன்னியாவை விட்டுவிடுங்கள். ஓர் இரவு தங்க வசதி இருந்தால் மட்டும் அடுத்த நாள் காலையில் அதையும் பாருங்கள்.

எங்கள் வேன் சாரதி ஹபரணையால்தான் போக வேண்டும் என்கிறார். வாகரை வீதி எப்படி? (ஏறாவூர் வாசகர்)

ஹபரணையால் போனால் பெரிய சுற்று. பழைய சாரதிகள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாகரை வீதி நெடுங்காலம் யுத்தத்தால் உடைந்து கிடந்தது, ஆறுகளையும் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவையில்) வாகனத்தை ஏற்றித்தான் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். நீளம் 396 மீட்டர், திறந்த நேரத்தில் நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். அதற்குப் பிறகு இந்த ஏ15 வீதியில் ஓரிடத்திலும் பாதைக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை.

ஓட்டமாவடி தாண்டியதும் பொலன்னறுவை வீதியை விட்டு வலப்பக்கம் திரும்புங்கள். காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல், கிளிவெட்டி, கிண்ணியா, சீனக்குடா என்று ஒரே வீதி. வெள்ளாப்பு நேரத்தில் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தால் ஒரு நிமிடமாவது இறங்கி நில்லுங்கள். கீழே வாவியில் வலை வீசிக்கொண்டிருப்பார்கள். கால் நீட்ட வசதியான இடம் வெருகல் முருகன் கோயிலடி. ஒரு எச்சரிக்கை: வாகரைக்கு அங்கால் இருட்டில் வேகம் வேண்டாம். வீதியில் மாடு படுத்திருக்கும், காட்டோரத்தில் யானையும் நிற்கும்.

நாங்கள் ஐந்து பெடியன்கள். பஸ்ஸில் மலிவாகப் போக வழி? (கல்முனை)

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கே 40 கிலோமீட்டர் அளவு இருப்பதால் ஒரே நாளில் திரும்பும் எண்ணத்தை விடுங்கள். திருகோணமலை பஸ் பிடித்துப் போய் முதல் நாள் இரவு உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தங்குங்கள். திருகோணமலை பஸ் நிலையத்தில் புல்மோட்டை அல்லது குச்சவெளி பஸ் எடுத்தால் நிலாவெளியில் இறங்கலாம். "புறாமலைக்குப் போற கரை" என்று கொண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். படகுக் கூலி ஆளுக்கில்லை, படகுக்கு. ஐந்து பேர் தனியாகப் போவதை விட, கரையில் நிற்கும் இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்தால் பாதியாகக் குறையும்.

ரயிலில் போகலாமா? (வாழைச்சேனை)

ஆசைக்குப் போகலாம். கொழும்பு ரயிலில் ஏறி கல்லோயாச் சந்தியில் இறங்கி, திருகோணமலை ரயிலுக்கு மாற வேண்டும். சேவை எப்படி நடக்கிறது என்று ஸ்டேசனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பகல் முழுக்க அதில் கழியும்.

எந்த மாதம் நல்லது? டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்கள். (களுவாஞ்சிக்குடி)

டிசம்பர் வேண்டாம். வாடைக்காற்றுக் காலத்தில் நம் பக்கக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நிலாவெளியும் அப்படித்தான். படகு ஓடினாலும் தண்ணீர் கலங்கி, பவளம் கண்ணுக்குத் தெரியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் ஏற ஏறக் காற்று பலக்கும். அதனாலும் காலை நேரமே மேல்.

அவர்கள் வேறு மாதத்தில் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இது வனஜீவராசிகள் திணைக்களத்தின் தேசியப் பூங்கா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு டிக்கட் விலை நமக்கு உள்ளதை விடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ மறக்காமல் கொண்டுவரட்டும். முகத்தைப் பார்த்து யாரும் சலுகை தரமாட்டார்கள்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வருத்தம். கூட்டிப் போகலாமா? (செங்கலடி)

தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான். ஓட்டமல்ல, ஏறி இறங்குவதுதான் பாடு. இறங்குதுறை கிடையாது, முழங்கால் தண்ணீரில் நடந்து, ஆடுகிற படகின் விளிம்பைத் தாண்டிக் கால் போட வேண்டும். இரண்டு பேர் கைகொடுத்தால் சமாளிக்கலாம் என்றால் கூட்டிப்போங்கள். படகின் முன்பக்கம்தான் அலையில் தூக்கிக் குத்தும், அதனால் அம்மாவைப் பின்பக்கம், எஞ்சின்காரருக்குக் கிட்ட இருத்துங்கள். தீவின் கரையில் நிறைய இடத்தில் மணலுக்குப் பதில் உடைந்த பவளத் துண்டுகள்தான், வெறுங்காலில் நடக்க முடியாது. பின்பட்டி உள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

நீந்தத் தெரியாது. பவளம் பார்க்க முடியுமா? சுறா இருக்கிறது என்கிறார்களே? (திருக்கோவில்)

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி முகமூடியால் பார்க்கலாம். வழிகாட்டி ஒருவர் மிதவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கரையில் வாடகைக்குத் தரும் முகமூடியை அப்படியே வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள், பிறகு கையை எடுங்கள். முகமூடி விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. விழுந்தால் தண்ணீர் புகும். வேறு ஒன்று கேளுங்கள். பெண்கள் தலைமுடி இடையில் சிக்கவில்லையா என்று பார்க்க வேண்டும், மீசை தடித்தவர்களுக்கு எப்படியும் கொஞ்சம் ஒழுகும். கண்ணாடியின் உட்பக்கம் துப்பி, தேய்த்து, கடல் தண்ணீரில் அலசினால் புகார் பிடித்து மங்காது. அருவருப்பாக இருந்தாலும் அதுதான் வைத்தியம். முதன்முதல் இறங்குபவர்களுக்குக் காலில் மாட்டும் துடுப்பு வேண்டாம். அதைப் போட்டு உதைத்துத்தான் பவளத்தை உடைக்கிறார்கள். களைத்தால் மல்லாந்து மிதவுங்கள். பவளத்தின் மேல் எழுந்து நிற்காதீர்கள். காலையும் வெட்டும், பல வருடம் வளர்ந்ததும் ஒரு மிதியில் போகும்.

சுறா உண்டு. ஆழம் குறைந்த இடத்திலேயே திரியும், செட்டை நுனி மை தொட்டதுபோல் கறுத்திருக்கும். மனிதரைக் கண்டால் விலகிப்போகும் சாதி அது. துரத்தாமல் அசையாது கிடந்தால் நன்றாகப் பார்க்கலாம். ஆமையும் அப்படித்தான்.

சாப்பாடு, உடுப்பு பற்றிச் சொல்லுங்கள். நாங்கள் பெண்கள்தான் அதிகம். (காத்தான்குடி)

தீவில் கடையில்லை, இரவு தங்கவும் விடமாட்டார்கள். பொலித்தீன், பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீரை எவர்சில்வர் போத்தலில் எடுங்கள். காலைச் சாப்பாட்டைக் கரையிலேயே முடித்துவிட்டு ஏறுவது புத்தி. ஹலால் சாப்பாட்டுக்கு வழியில் கிண்ணியாவும், நிலாவெளிக்கு அப்பால் இறக்கக்கண்டியும் இருக்கின்றன.

பருத்தி அபாயா தண்ணீரில் கனத்துக் கீழே இழுக்கும். முழுக்கை நீச்சல் உடுப்பு இருந்தால் அது, இல்லாவிட்டால் இலேசான பொலியெஸ்டர் துணியில் காற்சட்டையும் நீள மேற்சட்டையும். தொங்கும் சால்வையை மட்டும் கழற்றிவிடுங்கள், எஞ்சினுக்குப் பக்கத்தில் அது ஆபத்து.

புறா உண்மையில் இருக்கிறதா? (அக்கரைப்பற்று மாணவி)

இருக்கிறது. காட்டு மாடப்புறாக்கள் அந்தப் பாறை இடுக்குகளில் கூடு வைக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் அந்த இடத்தைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பாவித்தார்கள். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. பவளத் துண்டொன்றைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் சட்டப்படி குற்றம், செத்த துண்டென்றாலும்.

பாசிக்குடா பக்கத்தில் இருக்க ஏன் இவ்வளவு தூரம்? (கிரான்)

நியாயமான கேள்வி. சின்னப் பிள்ளைகளோடு குளித்து விளையாடத்தான் என்றால் பாசிக்குடாவே போதும். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர், அந்த வசதி நிலாவெளியில் இல்லை. புறாமலைக்குப் போவது முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்க்கத்தான். அந்த ஆசை இருந்து தூரம் ஒத்துவராவிட்டால், உங்கள் ஊருக்குக் கிட்டவே காயாங்கேணி இருக்கிறது. அங்குள்ள பவளப் பாறைக் கடலை 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கே நிலாவெளியைப் போல டிக்கட் கூடமும் படகு வரிசையும் எதிர்பார்க்காதீர்கள். ஊர் மீனவர் ஒருவரிடம் முதல் நாளே பேசி, காற்று எழும்புமுன் போய்வாருங்கள்.