நம்பர் பிளேட்டுக்கும் பேட்டரியா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் கார் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் டிஜிட்டல் நம்பர் பிளேட் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தகரத் தகட்டுக்குப் பதிலாகத் திரை, உள்ளே ஒரு சிம், கையில் ஒரு ஆப். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஓட்டிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் நம்பர் மறைந்துவிடாதா? (ப்ரீமாண்ட் வாசகர்)

மறையாது. செல்போன் திரையை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் வரும் பயம் இது. இந்தப் பிளேட்டில் இருப்பது கிண்டிலில் உள்ளது போன்ற மின்தாள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள்; ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் போய்விடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் துகள்கள் வந்த இடத்திலேயே நிற்கும். எழுத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பேட்டரியைத் தின்பது உள்ளே இருக்கும் செல்போன் மோடம்தான். சிக்னல் கிடைக்காத அடித்தளப் பார்க்கிங்கில் வண்டி நாள்கணக்கில் நின்றால், மோடம் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும். அப்போதும் நம்பர் நிற்கும். ஆனால் நீங்கள் பதிவைப் புதுப்பித்த தகவல் பிளேட்டுக்குப் போய்ச் சேராது. பின்னால் வரும் போலீஸ் கண்ணில் படுவது போன வருடத் தேதி. எனவே ஆப் பேட்டரி குறைவு என்று சொன்னால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

குளிர் பற்றி மிச்சிகனிலிருந்து கேட்டவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடுங்குளிரில் குமிழிக்குள் இருக்கும் திரவம் கெட்டிப்படுவதால் திரை மாற நேரம் எடுக்கும். ஏற்கெனவே இருக்கும் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. பனி படிந்திருந்தால் கண்ணாடி சுரண்டும் பிளாஸ்டிக் கட்டையைப் பிளேட்டின் மேல் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கொதிநீர் ஊற்றவே கூடாது.

கேள்வி: எல்லா மாநிலத்திலும் வாங்கலாமா? வாங்கிய பிறகு வேறு மாநிலத்துக்கு ஓட்டிப் போகலாமா?

எல்லா மாநிலத்திலும் முடியாது. கலிபோர்னியா 2013-ல் சட்டம் இயற்றிச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் கையெழுத்தான ஏபி 984 சட்டம் அதை நிரந்தரமாக்கியது. 2023 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அரிசோனாவும் மிச்சிகனும் சொந்தக் காருக்கு அனுமதி கொடுத்தன. டெக்சாஸ் நிறுவன வாகனங்களுக்கு மட்டும் என்று வழிவிட்டது. எந்த மாநிலத்தவரும் பணம் கட்டும் முன், இப்போது அனுமதி உண்டா என்று தங்கள் மாநில மோட்டார் வாகனத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். விற்பவர் வாயால் சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

பதிவு செய்த மாநிலத்தில் செல்லுபடியாகும் பிளேட்டோடு வேறு மாநிலத்துக்குப் போய்வரத் தடையில்லை. தகர பிளேட்டுக்கும் இதே விதிதான். வெளிமாநிலத்தில் நிறுத்தும் அதிகாரி இதைப் பார்த்ததே இல்லாதவராக இருக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். காகிதப் பதிவு அட்டை டாஷ்போர்டு அறையில் இருக்கட்டும். ஆப்பைத் திறந்து காட்டலாம் என்று நினைத்தால், சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில்தான் நிறுத்துவார்கள்!

கேள்வி: விலைக்குத் தகுந்த பயன் உண்டா?

எங்கள் கருத்து: ஒரே ஒரு கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இல்லை. கலிபோர்னியாவில் பரவலாக அறிமுகமான 2022-ல், இந்தப் பிளேட்டைத் தயாரித்த ரிவைவர் நிறுவனம் பேட்டரி மாடலுக்குச் சொன்ன விலை மாதம் 19.95 டாலர், 48 மாதம். பெருக்கினால் 957.60 டாலர். அரசுக்குக் கட்டும் பதிவுக் கட்டணம் இதில் சேராது, அதைத் தனியாகக் கட்டியே ஆக வேண்டும். கைக்கு வருவது என்ன? வருடம் ஒருமுறை பிளேட்டில் பதிவு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை மிச்சம், ஆப் வழியே புதுப்பிக்கும் வசதி, பிளேட் திருட்டுப் போனால் எச்சரிக்கை, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்ற அழகு. ஸ்டிக்கர் ஒட்ட ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்துக்கு ஆயிரம் டாலரா என்பதை உங்கள் பர்ஸைக் கேளுங்கள்.

ஐம்பது வண்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் கணக்கு வேறு. ஐம்பது ஸ்டிக்கரை ஐம்பது ஓட்டுநரிடம் சேர்த்து, ஒட்டினார்களா என்று பார்ப்பதற்கே ஒரு ஆள் வேண்டும்.

சந்தா எடுப்பதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்: சந்தா நின்றாலோ நிறுவனம் சேவையை நிறுத்தினாலோ பிளேட் எதைக் காட்டும்?

கேள்வி: நானே பொருத்திக்கொள்ளலாமா? எதில் தவறு வரும்? (சாண்ட்லர் வாசகர்)

பேட்டரி மாடலைத் தாராளமாகப் பொருத்தலாம். காரின் மின்சாரத்திலேயே ஓடும் வயர் மாடலுக்கு வண்டி மின்வேலை தெரிந்தவர் வேண்டும்.

அமெரிக்க பிளேட்டின் அளவு 12 அங்குலத்துக்கு 6 அங்குலம், துளைகள் அதற்கேற்ற இடத்தில் இருக்கும். சிக்கல் தடிமனில்தான் வருகிறது. தகரத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, திரைப் பிளேட்டோ ஒரு பெட்டி மாதிரி வெளியே நிற்கும். அதனால் போல்ட் போடும் முன், பிளேட்டை அதன் இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு மூன்று விஷயம் பாருங்கள். டிக்கியை மெதுவாகத் திறந்து மூடும்போது பம்பரில் இடிக்கிறதா? ரிவர்ஸ் கேமராவின் படத்தில் கீழ் ஓரத்தை மறைக்கிறதா? பிளேட் விளக்கின் வெளிச்சம் மேல்விளிம்பில் பட்டு நின்றுவிடாமல் எழுத்தின் மேல் விழுகிறதா? மூன்றாவதைப் பகலில் பார்த்துப் பயனில்லை. கலிபோர்னியா சட்டப்படி பின் பிளேட் வெள்ளை விளக்கில் 50 அடி தூரத்திலிருந்து படிக்கத் தெரிய வேண்டும். இருட்டியபின் பதினைந்து மீட்டர் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். தரையிலிருந்து 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 60 அங்குலத்தைத் தாண்டாமலும் பின் பிளேட் இருக்க வேண்டும் என்பதும் விதி.

பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். தடிமன் கூடியதால் அது இரண்டு மூன்று மரையில் மட்டும் பிடித்துக்கொண்டு ஆடும், சில மாதத்தில் கழன்றுவிடும். பெட்டியோடு வந்ததையே போடுங்கள். முதலில் எல்லா போல்ட்டையும் கையால் திருகி உட்கார வைத்துவிட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். பவர் டிரில்லால் ஒரே மூச்சில் முடுக்கினால் பிளேட்டின் பிரேம் முறுக்கிக்கொண்டு திரையின் ஓரம் விரிசல் விடும்.

வயர் மாடலில் எல்லோரும் செய்யும் தவறு, பக்கத்திலேயே இருக்கிறதே என்று பிளேட் விளக்கின் வயரிலிருந்து மின்சாரம் எடுப்பது. விளக்கு எரியும்போதுதான் அதில் மின்சாரம் வரும். புதிய கார்களில் விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கணினி கவனித்துக்கொண்டே இருப்பதால், அதில் இன்னொன்றைச் சேர்த்தால் பல்பு கோளாறு என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். எப்போதும் 12 வோல்ட் உள்ள வயரிலிருந்து, எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். டிக்கிக் கதவின் கீல் அருகே வயருக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இழுத்துக் கட்டினால் திறந்து மூடி, திறந்து மூடி அங்கேதான் அறுந்துபோகும். வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் மழைநீர் டிக்கிக்குள் வரும்.

பொருத்திய பிறகு கார் பேட்டரி காலையில் இறங்கியிருந்தால் பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் அளந்து பாருங்கள். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு மல்டிமீட்டரைப் பேட்டரி வயரோடு தொடராக இணைத்தால், வண்டி இழுக்கும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் பிளேட்டின் ஃபியூஸைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ.

கேள்வி: முன்பக்கத்துக்கும் இதுவே போடலாமா?

கலிபோர்னியாவில் முன்னும் பின்னும் பிளேட் கட்டாயம். டிஜிட்டல் பின்பக்கத்துக்குத்தான், முன்னே பழைய தகடே இருக்கும். அரிசோனாவிலும் மிச்சிகனிலும் முன் பிளேட்டே கிடையாது. பாதுகாப்புக்கு என்று மேலே பிளாஸ்டிக் மூடி போட நினைக்க வேண்டாம், கலிபோர்னியாவில் அது குற்றம்.

கேள்வி: கம்பெனி வண்டி ஓட்டுகிறேன். முதலாளி இதை வைத்து நான் போகும் இடமெல்லாம் பார்ப்பாரா?

கலிபோர்னியாவில் சொந்தக் கார்களின் பிளேட்டில் இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கூடாது என்று ஏபி 984 சொல்கிறது. நிறுவன வாகனங்களுக்கு அது உண்டு, ஆனால் கட்டுப்பாட்டோடு. முதலாளி கண்காணிக்கலாம் என்றால் அது வேலை நேரத்தில் மட்டும், அந்த வேலைக்குக் கண்டிப்பாகத் தேவைப்பட்டால் மட்டும். அதை உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். மாலையில் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்கம் இருந்தால், வேலை முடிந்ததும் கண்காணிப்பை யார், எப்படி நிறுத்துகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹேக் செய்து நம்பரையே மாற்றிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இரண்டு சம்பவங்கள் உண்டு, இரண்டும் வெவ்வேறு வகை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலாவது சர்வரில் இருந்த ஓட்டை. சாம் கரி என்ற பாதுகாப்பு ஆய்வாளரும் அவர் குழுவும் 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். சாதாரண வாடிக்கையாளர் கணக்கைத் தொடங்கி, அந்தக் கணக்கின் வகையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றி அனுப்பியதும் ரிவைவரின் நிர்வாகி அதிகாரமே கிடைத்துவிட்டது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், பிளேட்டின் அடியில் வரும் வாசகத்தை மாற்றலாம், திருட்டு வண்டி என்று குறிக்கலாம். தகவல் சொன்னதும் நிறுவனம் ஒரே நாளில் அடைத்தது. சர்வர் ஓட்டை என்பதால் அடைப்பும் சர்வரிலேயே முடிந்தது, வாடிக்கையாளர் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது பிளேட்டுக்குள்ளேயே இருப்பது. ஐஓஆக்டிவ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோசெப் ரோட்ரிகஸ் கண்டுபிடித்து 2024 டிசம்பரில் செய்தியானது. பிளேட்டின் முதுகில் உள்ள ஸ்டிக்கரை உரித்து, உள்ளிருக்கும் இணைப்பில் கேபிள் மாட்டி, மென்பொருளையே மாற்றி எழுதிவிடலாம். சில நிமிட வேலை. அதன்பின் போனிலிருந்து ப்ளூடூத் வழியே வேண்டிய நம்பரைக் காட்டலாம். ஓட்டை சிப்பிலேயே இருப்பதால் அப்டேட் அனுப்பி அடைக்க முடியாது. அப்போது விற்றிருந்தவை சுமார் 65,000 பிளேட்டுகள்.

இதில் பிளேட் வாங்கியவரைவிட, வாங்காதவருக்குத்தான் ஆபத்து அதிகம். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் தன் பிளேட்டில் உங்கள் நம்பரைக் காட்டிக்கொண்டு சுங்கச்சாவடியைக் கடந்தால் பில் உங்கள் வீட்டுக்கு வரும். அப்படி வந்தால் அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். கேமரா எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, வண்டியின் கம்பெனி, மாடல், நிறம், பம்பரில் உள்ள கீறல்வரை ஒப்பிடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வண்டி வேறெங்கோ இருந்ததற்கான ரசீது இருந்தால் இணைத்து, பில்லில் குறித்துள்ள கெடுவுக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். கெடு தாண்டினால் அபராதம் ஏறும், வாதமும் பலவீனப்படும்.

பிளேட் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடமோ வாலே பார்க்கிங்கிலோ வண்டியை விட்டு எடுத்த பிறகு போல்ட் தலைகளை ஒருமுறை பாருங்கள். புதுக் கீறல் இருந்தால் கழற்றி, முதுகில் உள்ள ஸ்டிக்கர் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அடியில் வரும் வாசகத்தில் எங்கள் கடை விளம்பரம் போடலாமா? நம்பர் எழுத்தின் வடிவத்தை மாற்றலாமா?

நிறுவனமும் மாநிலமும் அனுமதித்த வாசகங்கள் மட்டும். நம்பரின் எழுத்தில் கை வைக்கவே முடியாது.

கேள்வி: காரை விற்கப்போகிறேன். பிளேட்டை என்ன செய்வது?

மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் சாதாரண நம்பர் வண்டியோடு போகும். அதனால் திரையைக் கழற்றிவிட்டுப் பழைய தகரத் தகட்டைப் பின்னால் மாட்டிக் கொடுக்க வேண்டும். கேரேஜில் எங்கோ போட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: திரை வந்துவிட்டது என்று தகட்டை எறியக் கூடாது. விற்ற 5 நாளுக்குள் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை மோட்டார் வாகனத் துறைக்கு ஆன்லைனில் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புதியவர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்கள் பெயருக்கு வரும். அரிசோனாவில் நம்பர் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பிளேட்டை நீங்களே வைத்துக்கொண்டு, 10 நாளுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும்.

பிளேட்டைக் கழற்றும் முன் ஆப்பில் சொல்லுங்கள். சொல்லாமல் கழற்றினால் திருட்டு என்று எச்சரிக்கை கிளம்பக்கூடும். சந்தாவை ரத்து செய்வது தனி வேலை. ஆப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நிற்காது. ரத்துக்கான மின்னஞ்சலை வைத்துக்கொண்டு, சுங்கக் கணக்கிலிருந்தும் அந்த நம்பரை நீக்கிவிடுங்கள்.